பாஸ்போர்ட் காட்டி வாங்கிய பஸ் டிக்கெட்

இந்தத் தெலுங்கு ஊரில், பாலாநகர் பட்டறைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். பதினெட்டு நாள் வேலை. அன்றைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. ஆர்டர் இல்லையாம், வாட்ச்மேன் சொன்னார். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது புதிதா என்ன? எனக்கும் இல்லை.

அமீர்பேட் வரை நடை. மத்தியான வெயில், வயிற்றில் ஒரு டீ மட்டும். மெட்ரோ ஸ்டேஷன் படியேறினேன். உள்ளே நிழல் உண்டு. டிக்கெட் வாங்க வந்தவன் மாதிரி நின்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

டிக்கெட் மெஷின் முன்னால் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, கையில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர். மெஷினைத் தொடுகிறார், அது ஏதோ கேட்கிறது, கார்டை நீட்டுகிறார், அது வேண்டாம் என்கிறது.

"இதென்ன கோதாரியப்பா..."

தமிழ். ஆனால் நம் பக்கத்துத் தமிழ் இல்லை.

"அக்கா, யாழ்ப்பாணமா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஓம் தம்பி. நீங்கள்?"

"விருதுநகர் பக்கம். எங்க போகணும்?"

மூச்சு விடாமல் சொன்னார். கணவருக்கு மாசாப் டேங்க் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். ஒரு கண் முன்பே போய்விட்டது, இது மிச்சமிருக்கிற கண். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அது லாட்ஜில் கிடந்தது. கணவரை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, வேறு யாரோடோ காரில் வந்து எடுத்துவிட்டார். திரும்பிப் போகத்தான் வழியில்லை.

"மூண்டு மணிக்கு முன்னம் குடுத்தாத்தான் நாளைக்கு ஒப்பரேசன். இல்லாட்டி அடுத்த கிழமை எண்டினம். அடுத்த கிழமை எங்களுக்கு விசா இல்லை."

"ஆட்டோ?"

"மூண்டு பேரிட்டக் கேட்டனான். போனில புக் பண்ணட்டாம். என்ர சிம் இலங்கைச் சிம். இந்த மெஷினுக்கும் போன் வேணுமாம். கவுன்டரில பாருங்கோ."

பார்த்தேன். கோச்சிங் கிளாஸ் விட்ட நேரம். கவுன்டர் வரிசை படிக்கட்டு வரை நின்றது.

ஒன்று கவனித்தீர்களா? ஒரு ஊர் தன் ஆட்களுக்கு எவ்வளவு சுலபமாகிறதோ, வெளி ஆளுக்கு அவ்வளவு கஷ்டமாகிறது. முன்பெல்லாம் சில்லறையும் இடத்தின் பெயரும் போதும். இப்போது நம்பர் வேண்டும், அந்த நம்பருக்கு ஒரு பேங்க் வேண்டும், அந்த பேங்குக்கு ஓர் அடையாளம் வேண்டும். இது எதுவும் இல்லாமல் பல ஊர் சுற்றியவன் நான். ஆனால் எனக்கு எந்த ஊரிலும் மூன்று மணிக்கு டாக்டர் காத்திருந்ததில்லை.

"மெட்ரோ வேண்டாம் அக்கா. மாசாப் டேங்க் பக்கம் நேரா பஸ் இருக்கு. கையில காசு?"

"கிடக்கு."

அந்த வழியாகப் போகும் மெஹதிபட்டணம் பஸ் வந்தது. மணி இரண்டு ஐந்து. அவர் முன்பக்கம் பெண்களோடு ஏறினார், நான் பின்பக்கம் தொங்கினேன்.

கண்டக்டரும் ஒரு பெண்தான். காக்கிக் கோட்டு, கையில் டிக்கெட் மெஷின். பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் டர்ர் டர்ர் என்று சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனார். முன்னால் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்த அக்கா நோட்டை நீட்டினார். கண்டக்டர் நோட்டைத் தள்ளிவிட்டு ஒரு சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

"தம்பி!" மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. "இதில சைபர் எண்டு கிடக்கு."

கூட்டத்தில் நீந்தி முன்னால் போனேன். "இங்க பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ அக்கா. அதுக்குத்தான் ஜீரோ டிக்கெட்."

"எல்லாப் பொம்பிளையளுக்குமோ?"

"இந்த மாநிலத்துக்காரங்களுக்கு. ஆதார் காட்டணும். கூட்டத்துல அவங்க கேக்கல. விடுங்க."

"அப்ப இந்த டிக்கட் என்ன சொல்லுது? நான் இந்த ஊராள் எண்டு சொல்லுது."

"சொன்னா சொல்லிட்டுப் போகுது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, கார்டில இருந்த விலாசம் ஒண்டு, நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீடு இன்னொண்டு. அதுக்காக என்ர அண்ணரை செக்பொயின்டில ரெண்டு நாள் வைச்சிருந்தவை. நான் ஆர் எண்டு பொய் சொல்லுற கடதாசி ஒண்டையும் கையில வைச்சிருக்க மாட்டன். அதுவும் விசாவில வந்த இடத்தில."



கண்டக்டரைக் கூப்பிட்டு, எனக்கு வந்த தெலுங்கில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ஃபாரினர் என்றால் அவர் மனதில் வேறு நிறம்.

"இவங்களா? எங்க சின்னம்மா மாதிரி இருக்காங்க."

அக்கா பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். கண்டக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏன்? சும்மா கிடைக்கறதை நக்கோ, வேண்டாம்னு சொல்ற பொம்பளையை இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு அவர் பிரச்சினை. "அடிச்ச டிக்கெட்டைத் திரும்ப வாங்க முடியாது. கணக்கு இடிக்கும். அவ்வளவு நியாயமா இருந்தா பஞ்சகுட்டால இறங்கி அடுத்த பஸ்ஸுல காசு கொடுத்து வரட்டும்."

நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அக்கா கவரை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இறங்குவம் தம்பி."

"அக்கா, பஞ்சகுட்டா டிராஃபிக் உங்களுக்குத் தெரியாது. அடுத்த பஸ் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மூணு மணி..."

"தெரியும்." அவர் உட்காரவில்லை.

பஸ் பஞ்சகுட்டா ஸ்டாப்பில் நின்றது. இரண்டு பெண்கள் ஏறினார்கள். முன்னால் ஏறியவர் கையில் ஆதார் கார்டு, வாயில் "மாசாப் டேங்க்".

படிக்காதவனுக்கு எப்போதாவது மூளை வேலை செய்யும். "அக்கா" என்றேன் கண்டக்டரிடம், "அந்த ஜீரோவை இப்ப ஏறின இவங்களுக்குக் கொடுத்துடுங்க. இவங்களுக்கு அடிக்க வேண்டியதை என்கூட வந்தவங்களுக்குக் காசுக்கு அடிங்க. உங்க கணக்கும் சரி, என்கூட வந்தவங்க கணக்கும் சரி."

கண்டக்டர் ஒரு நொடி யோசித்தார். சீட்டு கை மாறியது. மெஷின் டர்ர் என்றது. அக்கா காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மூடினார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"உங்க சின்னம்மாகிட்ட சொல்லு" என்றார் கண்டக்டர் என்னிடம், "இனிமே ஏறினதும் பாஸ்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கச் சொல்லு."

மாசாப் டேங்கில் இறங்கும்போது மூன்றாக இருபது நிமிடம். அந்த வயதில் அப்படி ஓடுகிறவரை நான் பார்த்ததில்லை. நான் கேட் வெளியே நின்றேன். கால் மணி நேரம் கழித்து கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நாளைக்கே ஆபரேஷன். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நடையிலேயே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் கதையைக் கேட்டார். சுருக்கமான கதைதானே, அமீர்பேட் வருவதற்குள் முடிந்துவிட்டது. லாட்ஜில் என்னையும் இழுத்துக்கொண்டு, எனக்கு வேலை கேட்டு ஓனரிடம் நேராகப் போய் நின்றார். அங்கே தங்கியிருக்கும் பாதிப் பேர் இலங்கையிலிருந்து கண் காட்ட வந்தவர்கள். எல்லோரும் இதே மெஷின் முன்னால் இதே பாட்டைப் பாடுகிறவர்கள்.

ஓனர் என்னைக் கேட்டார். "எதுவரை படிச்சிருக்கே?"

"ஏழாவது."

"டிக்கெட் எடுக்க வருமா?"

"வரும்."

"காலையில ஏழு மணிக்கு வா. தங்க இடமும் சாப்பாடும் உண்டு."

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். முதல் வேலை, அக்காவையும் கணவரையும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுத்து, அக்காவுக்கு எடுத்து, கணவருக்கு எடுத்ததை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மிச்சமிருக்கிற கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதில என்ன எழுதிக்கிடக்கு தம்பி?"

"தெலுங்கு அண்ணே. எனக்கும் படிக்கத் தெரியாது."

அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப பொறுங்கோ. கட்டு அவிழ்த்த பிறகு நான் பாத்துச் சொல்லுறன்."