டீச்சர் பாடியது எந்த வகை

மெஷின்காரர் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானத்தில், மை வாடை அடிக்கும் எங்கள் அச்சாபீசில் நின்றுகொண்டு பாட்டு டீச்சர் நான்கு அடி பாடினார். கண்ணை மூடவில்லை, தாளம் போடவில்லை. கடலுக்குள் போனவனைத் திருப்பிக் கொடு என்று மாதாவிடம் கேட்கிற பாட்டு. ஒவ்வோர் அடியும் நீண்டுகொண்டே போய், இனி மூச்சு இருக்காது என்று நமக்குப் பயம் வருகிற இடத்தில் நின்றது. பாடி முடித்ததும், “இது என்ன வகைன்னு நீங்களே எழுதிக்கிடுங்க தம்பி” என்றார். நான் எழுதினேன். தப்பாக எழுதினேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் இருந்த அச்சாபீசில் எனக்குப் புரூப் பார்க்கும் வேலை. எங்கள் மேனேஜருக்கு ஓர் ஆசை இருந்தது. இந்தக் கரையோரத்துக் கிறிஸ்தவப் பாடகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாரையும் வகை பிரித்து ஒரு புத்தகமாகப் போட வேண்டும், திருவிழாவுக்கு ஆள் தேடும் பங்குக் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அது உதவ வேண்டும் என்று. கோயில் பாட்டு, கீர்த்தனை, நாட்டுப் பாட்டு, நாடகப் பாட்டு என்று நான்கு தலைப்புகளை அவரே எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். யாரை எந்தத் தலைப்பில் சேர்த்தாலும் அதற்கு அச்சில் வந்த ஆதாரம் இரண்டு வேண்டும். ஆள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஆதாரம் ஆகாது. அப்போது எனக்கு அது மிகவும் நேர்மையான சட்டமாகப் பட்டது. இருபத்திரண்டு வயதில் எனக்கு அச்சின் மேல் இருந்த நம்பிக்கை மனுஷர் மேல் இல்லை.

டீச்சர் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். அவருடைய பாட்டு இரண்டு கிராமபோன் தட்டில் வந்திருந்தது. எந்தத் தலைப்பிலும் அடங்காத பாட்டு. ராகத்தின் சாயல் இருக்கும், ஆனால் கீர்த்தனை இல்லை. பூசையில் பாடுவார்கள், ஆனால் பாட்டுப் புத்தகத்தில் கிடையாது. அவரிடமே கேட்டேன். அவருடைய அப்பா முத்துக்குளிப்பில் கயிறு பிடிக்கிறவராம். கல்லோடு ஒருவன் கீழே இறங்கினால் அவன் மேலே வருகிற வரை கயிறு இவர் கையில். கடிகாரம் ஏது? ஓர் அடியை இழுத்துப் பாடுவாராம். அடி முடிந்தும் கயிறு அசையவில்லை என்றால் உடனே தூக்கிவிட வேண்டும். அந்த மெட்டுகளில்தான் டீச்சர் மாதாவுக்கு வார்த்தை போட்டிருந்தார்.

நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொள்ளவில்லை. அது அவர் வாய்ச்சொல்தானே.

அப்புறம் ஆதாரம் தேடினேன். கிராமபோன் தட்டில் ‘கிறிஸ்தவப் பாட்டு, பெண் குரல்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கள் ஆபீசில் அடித்த பழைய நோட்டீஸ் கட்டுகளைக் கிளறியபோது ஒரு திருவிழா நோட்டீஸ் அகப்பட்டது. அதில் டீச்சர் பேருக்கு முன்னால் ‘பிரபல நாடகப் பாடகி’ என்று இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையின் திருவிழாச் செய்தியிலும் அதே மூன்று வார்த்தை. இரண்டு ஆதாரமும் ஒத்துப்போயின. டீச்சர் ஒரு காலத்தில் மேடை ஏறியிருப்பார், சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். நாடகப் பாட்டு என்ற தலைப்பின் கீழ் அவர் பேர் ஏறியது.

புத்தகம் வெளிவந்து ஒரு மாதத்துக்குள் மடத்துக்கு ஒரு பிரதி போய்விட்டது. நாடகக்காரியிடமா எங்கள் பெண்பிள்ளைகள் பாட்டு படிக்கிறார்கள் என்று இரண்டு தகப்பன்மார் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேடை ஏறிய பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய மதர் டீச்சரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டி, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் காதில் விழுந்த அன்று, எழுத்துக் கோக்கிற அண்ணாச்சியிடம் அந்தப் பழைய நோட்டீஸைக் காட்டினேன். கோத்தது அவர்தான். ஒரு பார்வை பார்த்தார். “முந்தின நாள் நாடக நோட்டீஸ் அடிச்சோம். எழுத்து அடுக்குன அந்த இரும்புச் சட்டத்தைப் பிரிக்காம பேரை மட்டும் மாத்துனேன். பேருக்கு முன்னால இருந்த பட்டத்தை எடுக்க மறந்துட்டேன்” என்றார். பத்திரிகைக்காரன் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். என்னுடைய இரண்டு ஆதாரமும் ஒன்றுதான். அந்த ஒன்றும் அவசரத்தில் பிரிக்காமல் விட்ட ஈய எழுத்து.

மறுநாள் டீச்சர் வந்தார். கோபப்படவில்லை. “நீங்க எழுதுனது தப்புன்னு ஒரு தாளுல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க தம்பி. நான் வாயால சொன்னா மதர் நம்ப மாட்டாவ. அச்சுக்காரவ சொன்னா நம்புவாவ.”

எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் முழுப் பக்கம் எழுதினேன். மேனேஜர் அதை வாங்கிப் படித்தார். புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டலாமா என்று கேட்டதற்கு, காகிதம் கிடைக்கிற லட்சணத்தில் அது வேறயா என்றார். பிறகு கடிதத்தை என் முன்னால் வைத்து, “ஆபீஸ் தப்புன்னு நீரே கையெழுத்துப் போட்டுக் கொடும். அதுக்கப்புறம் இங்கன உமக்கு என்ன வேலை?” என்று நிதானமாகக் கேட்டார். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று சாயந்திரம் வீட்டு அடுப்பில் போட்டேன்.

டீச்சர் வந்து கேட்டபோது, மேனேஜர் பார்த்துத்தான் தர வேண்டும், அவர் ஊரில் இல்லை என்றேன். அடுத்த முறை வந்தபோது அவருக்குக் காய்ச்சல் என்றேன். அப்போது மேனேஜர் உள்ளே யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. பெரியதாழையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் பெரியதாழை போயிருந்தேன். கோயிலில் பெண்கள் பாடினார்கள். அவர்கள் நடுவில் டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “நல்லா இருக்கியளா தம்பி, அம்மா சௌக்கியமா?” என்று கேட்டார். திட்டியிருந்தால் நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். சௌக்கியம் என்றுவிட்டுச் செருப்பைத் தேடப் போனேன். அவர் மறுபடி பாடவே இல்லை என்பதை அவர் இறந்த பிறகு தங்கச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். கரையோரத்துக் கிறிஸ்தவ இசைதான் அவள் விஷயம். எங்கள் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். டீச்சர் பேருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. நாடக மேடையில் கிறிஸ்தவப் பெண்கள் என்று ஓர் அத்தியாயமாம், அதில் டீச்சர்தான் முதல் ஆள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு பிடித்த அப்பாவை, பிரிக்காத சட்டத்தை, அடுப்பில் போட்ட கடிதத்தை. அவள் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான். பேனாவை மூடும் முன்னால் மரியாதையாகக் கேட்டாள்:

“நீங்க சொல்லுததுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா ஐயா?”

இல்லை என்றேன்.