மரப்பாச்சி போட்டிருந்த மயில்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலை போடுவதற்குள் நாலு பேர் காதையும் மூன்று பேர் மூக்கையும் பார்த்து முடித்திருப்பேன். பேசுகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்க்கிறேன் என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் வங்கி அதிகாரி. மாற்றலாகிக் கல்கத்தா வந்து, அப்புறம் மாற்றலே கேட்காமல் அங்கேயே தங்கிவிட்ட கூட்டத்தில் ஒருவர். தொண்ணூறுகளில் நாங்கள் ஊரின் தென்பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா. எல்லோரையும் போல நானும் அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன்.

எனக்குத் தங்கத்தில் ஆசையில்லை என்றால் என் சொந்தத் தங்கையே நம்பமாட்டாள். தங்கம் தராசில் வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம். எனக்கு வேண்டியது திருகு தொலைந்த மூக்குத்தி, ஜோடி இழந்த ஒற்றை ஜிமிக்கி, கண்ணாடிக்கல் பதித்த கொண்டை ஊசி, எந்தத் துரைசானியோ கப்பலேறும் அவசரத்தில் விட்டுப்போன மணிமாலை. அவற்றைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த கல்லுக்கு வேறு கல் ஒட்டி, பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி வைப்பேன். அதிகாரிகளின் மனைவிமார் யாராவது டீ குடிக்க வந்தால் டின் திறக்கும். வாங்கினால் அன்று முழுக்கக் கை பரபரக்கும். விற்றால் மறுநாள் முழுக்க மனசு பரபரக்கும். இதில் எனக்குப் பிடித்தது வாங்குவதா விற்பதா என்று கேட்டால் இன்றுவரை பதில் தெரியாது.

என் சரக்கில் பாதி ஒரு பாத்திரக்காரி மூலம் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை தலையில் எவர்சில்வர் கூடையும் தோளில் துணி மூட்டையுமாக வருவாள். பழைய புடவை கொடுத்தால் பாத்திரம் தருவாள். பழைய துணியோடு என்னென்னவோ ஒட்டிக்கொண்டு வரும்: ஊக்கு, பித்தான், ரவிக்கையில் கழற்ற மறந்த அலங்கார ஊசி. அதையெல்லாம் ஒரு புகையிலை டப்பாவில் சேர்த்து என்னிடம் கொண்டுவருவாள், டப்பாவோடு வாங்கிக்கொள்வேன். யார் வீட்டுத் துணி என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்பது இருவருக்குமே தெரியும். இதில் வேடிக்கை, நான் ரொம்ப நேர்மையானவள் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஒரு வருஷம், துர்கா பூஜைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு அலமாரி ஒழிக்கிற வாரத்தில், அந்த டப்பாவிலிருந்து ஒரு மயில் வெளியே வந்தது. கட்டைவிரல் நீளம் இருக்கும். தோளில் புடவையை நிறுத்தக் குத்திக்கொள்கிற பழைய காலத்துப் புரோச். வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசியது. தோகை நிறையப் பச்சைக் கல், கண்ணில் மட்டும் கல் விழுந்து குழியாக இருந்தது. பின்பக்க ஊசியை எவனோ அசிங்கமாக ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தான். நான் பேரமே பேசவில்லை. பாத்திரக்காரிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன பௌதி, உடம்பு சரியில்லையா?" என்றாள். பௌதி என்றால் அண்ணி. அந்தத் தெருவில் நான் எல்லோருக்கும் பௌதி.

மயிலின் கண்ணுக்கு என் உடைந்த கம்மலிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்து ஒட்டினேன். சிவப்புக் கண்ணோடு அது என்னை முறைத்த அழகை என்னவென்று சொல்வது! மறுநாள் அமாவாசை, கொலு வைக்கிற நாள். என் வீட்டு மரப்பாச்சிகளுக்கு வருஷா வருஷம் என் சரக்கிலிருந்துதான் நகை. வியாபாரப் பொருளைச் சாமிப் படியில் வைக்கலாமா என்று ஊரிலிருந்து அம்மா கடிதத்தில் திட்டுவாள். நான் கேட்டால்தானே! பெண் மரப்பாச்சியின் பட்டுத் துண்டில் மயிலைக் குத்தினேன். மார்பு முழுக்க மயில்தான், மரப்பாச்சியையே காணோம்.

மாஷிமாவுக்கு முட்டிவலி, மாடி ஏறமாட்டார். சுண்டல் மட்டும் தினமும் கீழே போகும். கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வேலை செய்த பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கிடர்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். துறைமுகத்தில் கைவண்டி இழுக்கிற புருஷன், ஒரே பெண் குழந்தை. அதிகம் பேசமாட்டாள். நான் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

அஷ்டமி காலையில் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மாஷிமா துர்கைக்குப் பூப்போட்டு அஞ்சலி செலுத்தப் பூஜைப் பந்தலுக்குப் போவார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தோளில் அப்பா கொடுத்த புரோச். அந்த நேரம் எனக்குச் சுண்டல் வேலை, ஒரு வருஷமும் இறங்கிப் பார்த்ததில்லை. அன்று புரோச் இல்லை. எனக்கு எதுவும் உறைக்குமுன்பே முட்டிவலியையும் மறந்து மாஷிமா மாடி ஏறி வந்துவிட்டார்.

"மயில்! பச்சைக் கல் வெச்ச மயில், சொக்கத் தங்கம்! நீயே சொல்லும்மா, என் ரூமுக்குள்ள அவளைத் தவிர யார் வர்றா?"

எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் கொலு. நான் வாசலுக்கு வெளியே வந்து முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. "நல்லாத் தேடுங்க மாஷிமா, எங்கேயாவது இருக்கும்" என்றேன். அது சொக்கத் தங்கம் இல்லை, முலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்கூட எனக்கு அதுதான் தோன்றியது, பாருங்கள்.

அந்தப் பெண் மாடிப்படியின் நடுவில் நின்றாள். கீழே அவளுடைய துணிப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்: ஒரு சீப்பு, குழந்தைக்கு வாங்கிய ரிப்பன், நான் கொடுத்த சுண்டல் பொட்டலம். அவள் மாஷிமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பரிந்து பேசச் சொல்கிறாள் என்று நினைத்து, "பாவம், அவ அப்படிப்பட்டவ இல்லை" என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்தேன். அவள் ரிப்பனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பூஜைக்கு என்று தெருவே புதுத்துணி உடுத்தியிருந்த நேரத்தில், எல்லோர் நடுவிலும் நடந்து போனாள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? காரணங்கள் வரிசைகட்டி நின்றன. அவள் திருடி என்னிடம் விற்றாள் என்று ஆகிவிடும். வங்கி அதிகாரி மனைவி திருட்டுச் சாமான் வாங்குகிறாள் என்று ஆகிவிடும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், ஆனால் ஒன்றுகூட உண்மையில்லை. உண்மை எனக்கு அன்றே தெரியும். மயிலைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

அப்படிக் கொடுக்க மனசில்லாத சாமானை அடுத்த வாரமே விற்றேன். டின்னைத் திறந்தாலே அந்தச் சிவப்புக் கண். பார்க் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் கொடுத்துவிட்டு, டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன். அந்த மாதக் கடைசியில் பாத்திரக்காரி வந்தாள். முதல் முறையாக என் விதியை மீறி அவளிடம் கேட்டேன்.

"அதுவா? உங்க கீழ்வீட்டு அம்மாதான் போன தடவை மூணு புடவையும் ரெண்டு ரவிக்கையும் போட்டு ஒரு தேக்சா வாங்கினாங்க. ஒரு ரவிக்கையில உள்பக்கமா குத்தியிருந்துச்சு."

தொலையக்கூடாதென்று போன வருஷம் ரவிக்கையின் உள்பக்கம் குத்தி மடித்துவைத்து, இந்த வருஷம் அதையே பாத்திரத்துக்குப் போட்டிருக்கிறார் மாஷிமா! அந்த வாரம் மூன்று தடவை கீழே இறங்கி அவர் கதவைத் தட்டினேன். ஒரு தடவை தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசினேன், ஒரு தடவை மழை பற்றி, ஒரு தடவை எலி பற்றி. சொன்னால் மயிலைக் காட்ட வேண்டுமே! அது இப்போது என்னிடம் இல்லையே! ஓடிப்போய்க் கடையில் கேட்டேன். மூன்றாம் நாளே விற்றுவிட்டதாம், வாங்கியவர் யாரென்று தெரியாதாம்.

அன்றிலிருந்து எனக்குக் கால் நிற்கவில்லை. ஏலக் கடைகள், நடைபாதைக் கடைகள், படகேறிப் போய் ஹவுராவில் பழைய வெள்ளி உருக்குகிறவர்களின் பட்டறைகள் என்று அலைந்தேன். மயிலைத் தேடிப் போவேன், வேறு பத்துச் சாமானோடு திரும்புவேன். ஒரு டின் முப்பது டின் ஆனது. பழைய நகை என்றால் அந்த மாடி வீட்டு அம்மாவைக் கேள் என்று சொல்கிற அளவுக்குப் பெயர் வந்தது. "வீடா இது, சந்தையா?" என்று கேட்டுக் கேட்டு என் கணவரும் ஓய்ந்துபோனார். ஏன் இப்படி அலைகிறேன் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. இதற்கிடையில் மாஷிமா போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள், நாங்கள் வேறு வீடு மாறினோம். கடைசிவரை மாஷிமா அது தங்கம் என்றே நம்பினார்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு, நியூ டவுனில் புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில் பூஜைக்கு முந்தைய விற்பனை. நானும் ஒரு மேஜை போட்டிருந்தேன். ஐ.டி. வேலை பார்க்கிற ஒரு சின்னப் பெண் ஜிமிக்கி பார்க்கக் குனிந்தாள். அவள் துப்பட்டாவில் சிவப்புக் கண் மயில்! பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அதே ஈயப்பற்று. மேஜையில் இருந்ததிலேயே நல்ல ஜிமிக்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளே கிளம்பினேன். பழைய தெருவின் இஸ்திரிக்காரருக்கு எங்களிடம் வேலை செய்த அந்தப் பெண்ணின் இடம் தெரிந்திருந்தது. "அந்தத் திருட்டுக் கேஸ்தானே?" என்று அடையாளமும் சொன்னார். கிடர்பூரில் லாரிகள் நிற்கிற சந்துக்குப் பின்னால் வரிசை வீடுகள். தலை நரைத்திருந்தாலும் பார்த்ததும் தெரிந்தது. வாசலில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்த மகள் உள்ளே இருந்தாள். நான் கைப்பையிலிருந்து மயிலை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. "கண்ணு அப்பவே சிவப்பா இருந்துச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தினமும் காலையில உங்க பொம்மைப் படியை யாரு துடைச்சா பௌதி? அந்த மரப்பொம்மை மேல இருந்துச்சு. மாஷிமா மேல வந்து கத்தினப்ப, நீங்க சொல்லுவீங்கன்னு மாடிப்படியில நின்னேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். கேட்ட பிறகுதான் என் வெட்கங்கெட்ட தனம் எனக்கே உறைத்தது.

"சொன்னா, யாரு வித்ததுன்னு கேப்பாங்க. நான்தான்னு நீங்க சொல்லிட்டா?"

சொல்லியிருக்க மாட்டேன் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பாத்திரக்காரி, ரவிக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். தன் மகளையும் வெளியே வந்து நிற்கச் சொன்னாள். "இப்ப சத்தமாச் சொல்லுங்க" என்றாள். நாலு மொழியில் பேரம் பேசுகிறவள் நான். அன்று வங்காளியில் நாலு வாக்கியம் திக்கித் திக்கிச் சொன்னேன். இவள் எடுக்கவில்லை, அந்த அம்மாவே தெரியாமல் போட்டுவிட்டார், வாங்கியது நான், தெரிந்தும் பேசாமல் இருந்தது நான்.

மயில் கைக்குக் கை போய்வந்தது. "தங்கமா?" என்று ஒருத்தி கேட்டாள். முலாம் என்றேன். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நீயே வெச்சுக்கோ" என்று நான் அம்மாவிடம் மறுபடி நீட்டியபோது, அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கிளம்பத் திரும்பினேன். அவள் இரண்டடி பின்னாலேயே வந்தாள்.

"பையைத் திறந்து எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க பௌதி. அப்புறம் எதையாவது காணோம்னு வந்து நிக்காதீங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பையைத் திறந்து பார்த்தேன்.