தவளையும் என் ஆசாரமும்

செத்த தவளை ஒன்றைப் பார்த்து மயங்கி விழுந்தவன் நான். திருச்சிக் கல்லூரியில் இண்டர்மீடியட் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த முதல் மாதம், மெழுகுத் தட்டில் நாலு காலும் விரித்து ஊசி குத்திக் கிடந்த அதன் வெள்ளை வயிற்றைப் பார்த்தது வரைதான் நினைவு. கண் விழித்தபோது என்னையும் ஒரு மேஜைமேல் கிடத்தியிருந்தார்கள். அந்த வாரமே சரித்திரப் பிரிவுக்கு மாறினேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் உண்மையைச் சொல்ல வெட்கம். "தவளை அறுத்த கையோட ஆத்துக்குள்ள வந்து பெருமாள் முன்னாடி நிக்க மனசு வரலேப்பா" என்றேன். திருவாராதனப் பூஜை முடியாமல் தண்ணீர்கூடக் குடிக்காத அப்பா பூரித்துப்போனார். காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் குளிக்க வந்தவர்களிடமெல்லாம் என் ஆசாரத்தைப் பற்றிச் சொன்னார். மயங்கி விழுந்து இவ்வளவு புகழ் சம்பாதித்தவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த வருஷம் தங்கை ஒன்பதாம் வகுப்பான நாலாம் பாரத்துக்குப் போனாள். விருப்பப் பாடம் எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். 'விஞ்ஞானம்' என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என் காலில் முள் தைத்தால் ஊசியால் எடுத்துவிடுபவள் அவள்தான். நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் மூடமாட்டாள்.

அப்பா பேனாவைத் திறந்துகொண்டு என்னைக் கேட்டார். "ஏண்டா, இதை எடுத்தா இவளும் ஒருநாள் தவளை அறுத்துத்தான் ஆகணுமோ?"

தங்கை என்னைப் பார்த்தாள். 'நான்தான் மயங்கி விழுந்தேன், இவ விழமாட்டா' என்று சொல்லியிருக்க வேண்டும். படித்துறைப் புகழ் ஞாபகம் வந்தது. "ஆமாம்ப்பா. நம்மாத்துக்கு அது சரிப்படாது" என்றேன்.

அப்பா பென்சில் எழுத்தை அழித்துவிட்டு 'சரித்திரம்' என்று மையால் எழுதினார். அவள் அழவில்லை. கீழே உருண்ட பேனா மூடியை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பொய்யையாவது மன்னித்துவிடலாம். அதற்குக் கிடைத்த மரியாதையை விட மனமில்லாமல் அவள் படிப்பை விட்டுக்கொடுத்தேனே, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர டீச்சர். நன்றாக நடத்துகிறாள் என்று யாராவது சொன்னால் அவசரமாகத் தலையாட்டுவேன். அப்பா காலமாகி ஒரு வருஷம் கழித்து, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுந்த இடத்தில், சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினேன். அவள் சிரிக்கவில்லை. அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"பெல் அடிச்சு பேப்பரை வாங்கினப்புறம் விடை எழுதறே, அண்ணா. சரியான விடைதான். மார்க் கிடையாது. காப்பி வேணும்னா தரேன்."