சரிந்து படுத்த வி

தாராவியில் ஷாகுல் ஹமீது நடத்திய அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் மருந்துச் சீட்டும்தான் பிழைப்பு. அங்கே எழுத்துக் கோக்கிற பூலோகம் ஒன்றைப் பிடித்தான் என்றால் பிடித்ததுதான். கணக்குப் போடும் மிஷின் பம்பாய்க்கு வந்த புதிது. அந்த மிஷினுக்குக் கட்டளை எழுதப் பாடம் நடத்துகிற மாதுங்கா அனந்தநாராயணன், தன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி வேண்டாம் என்றார். பூலோகம்தான், "நான் கோத்துத் தாரேன், பாய்" என்று வாங்கி வைத்தான்.

அந்தக் கட்டளை வரிகளில் குண்டு எழுத்துக்கும் ஒல்லி எழுத்துக்கும் ஒரே அகலம். அப்படிப்பட்ட எழுத்தும் வாங்கியாயிற்று. ஆனால் இதைவிட அது பெரிது என்று காட்டும், வாயைப் பிளந்த குறி மட்டும் அதில் இல்லை. என்ன செய்வான்? இங்கிலீஷ் வி எழுத்தைச் சரித்துப் படுக்கவைத்தான். நிற்கும்போது ஒடுங்கி நின்ற எழுத்து, படுத்ததும் பக்கத்து எழுத்தை நெட்டித் தள்ளிவிட்டது.

"மேல் வரிக்கு நேரா கீழ் வரி நிக்கணும், பூலோகம்" என்றார் அனந்தநாராயணன். "பசங்க இதைப் பார்த்துத்தான் அட்டையிலே கட்டம் கட்டமா ஓட்டை போடுவா. இது அடுத்த கட்டத்துலே காலை நீட்டிண்டு கிடக்கே."

அவர் போனதும் முதலாளி சொன்னார்: "ஜானே தோ, விட்டுத் தள்ளு. குறியப் பேனாவால போட்டுக்கிடட்டும்."

"பேனாவால போட, பொட்டா வைக்கோம், பாய்?" என்றான் பூலோகம்.

"வாய் மட்டும் கொறையல. சாயங்காலம் வாறாரு. அப்பவும் கோணலா நின்னுச்சுன்னா புஸ்தகக் கட்டைத் தூக்கி அவர் கையிலயே குடுத்துருவேன்."

பூலோகம் சோற்றுக்குப் போகவில்லை. அரத்தை எடுத்து, ஈயத்தில் வார்த்த வி-யை ராவினான். வி-யின் மூக்கு போயிற்று. இன்னொன்றை ராவினான். அதுவும் போயிற்று.

அச்சான எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுக்கொண்டிருந்த பேராச்சி சிரித்தாள். "எல்லாத்தையும் ராவித் தின்னுட்டு, நாளைக்கு வி-க்கு எங்க போவீய, அண்ணாச்சி?"

அவள் கையில் மருந்துச் சீட்டின் பொடி எழுத்து. பூலோகத்தின் கண் அதில் நின்றது.

"அந்தப் பொடி வி-யக் கொண்டா."

படுக்கவைத்துப் பார்த்தான். பொடி வி-யின் உயரமும் கட்டளை வரி எழுத்தின் அகலமும் ஒன்றாக இருந்தன. ஆனால் மேலும் கீழும் இடைவெளி, எழுத்து ஆடியது. ஈயத் தகட்டை நறுக்கி அந்த இரண்டு இடைவெளியிலும் செருகினான். அசையவில்லை.

"எல்லாக் குறிக்கும் இப்படியேவா செய்யப் போறிய?"

"எல்லாத்துக்கும்தான்."

சாயங்காலம் அனந்தநாராயணன் புதிதாக அச்சடித்த தாளின்மேல் அடிக்கோலை நெடுக வைத்தார். "குறி கொஞ்சம் இளைச்சிருக்கே."

"இளைச்சா இளைச்சிட்டுப் போகட்டும், சார். வரிசையில நிக்கா? அதச் சொல்லுங்க."

அவர் கோலைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நிக்கறது."

திருப்பிக் கொடுக்கவென்று முதலாளி கட்டியிருந்த புத்தகக் கட்டை, பூலோகம் யாரையும் கேட்காமல் அவிழ்த்தான்.

"பேராச்சி, பொடி வி அம்புட்டையும் இங்கிட்டு ஒதுக்கு" என்றான்.