இடிக்க விடாதவள்

தெருவில் அவளுக்கு ‘ஜன்னல் அக்கா’ என்று பெயர். கட்டடக் கலை படித்தவள். யார் எந்த வரைபடத்தை நீட்டினாலும் முதலில் ஜன்னல் எங்கே என்றுதான் தேடுவாள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிட்டால் பகலில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் வேலையே இருக்காது என்பாள். நிற்கிற கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவாள். “செங்கல் மட்டுமா குப்பைக்குப் போகுது? உள்ள இருக்கிறவங்களையும் சேர்த்துத்தானே அள்ளிக் கொட்டுறீங்க?”

சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய நாலுமாடிக் குடியிருப்பு. அதை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்ப உரிமையாளர் துடித்துக்கொண்டிருந்தார். குடியிருந்தவர்களோ சந்தையை நம்பிப் பிழைப்பவர்கள். பழுதுபார்த்தாலே போதும் என்று நகராட்சியில் வாதாடி, ஒப்புதலையும் வாங்கி வந்தவள் ஜன்னல் அக்கா.

வேலை தொடங்கிய வாரம். ஒரு மத்தியானம், கீழ்த்தளத் தூண் ஒன்றின் காரையைக் கொத்திக்கொண்டிருந்தபோது மளுக்கென்று ஒரு சத்தம். கொத்தனார் உளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். அவள் போய்ப் பார்த்தாள். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. ‘நிற்கும்’ என்று ஊரறியச் சொன்னவள் அவள்தானே.

“முட்டுக் கொடுங்க. எல்லாரையும் கீழ இறக்குங்க!”

எல்லாரும் இறங்கினார்கள். இரண்டாம் மாடித் தையல்காரம்மா மட்டும் வரவில்லை. படுக்கையில் கிடந்த மாமனாரோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். “மேல போகாதீங்க மேடம்!” என்று கொத்தனார் கத்தக் கத்த, அவள் படியேறினாள்.

“கதவைத் திறங்கம்மா. தூண் வெடிச்சிருக்கு.”

“முன்னாடி இருந்த வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க. கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடலாம்னாங்க. வந்து பார்த்தா வீட்டையே காணோம்.”

“இது நெஜமாவே வெடிச்சிருக்கு.”

“நிக்கும்னு சொன்னது நீங்கதானே?”

கீழே இரும்பு முட்டுகளை இழுக்கும் சத்தம். மேலிருந்து சுண்ணாம்புப் பொடி தோளில் உதிர்ந்தது.

“ஆமா, நான்தான் சொன்னேன். அந்தத் தூணை முன்னாடியே கொத்திப் பார்த்திருக்கணும். ஆனா இடிக்க விடமாட்டேன். நீங்க வரலைன்னா சொல்லுங்க, நானும் உள்ள வந்து உக்காந்துக்கறேன்.”

தாழ் விலகியது.

மாமனாரைப் போர்வையோடு தலைமாடும் கால்மாடுமாகப் பிடித்து இருவரும் படி இறங்கினார்கள். “மெதுவாம்மா, நான் இன்னும் சாகலை” என்று பெரியவர் முனகினார்.

வாசலில் உரிமையாளர். “பார்த்தீங்களா? இனி இடிக்கிறதைத் தவிர வேற வழியே இல்லை.”

“கட்டடமா விழுந்துடுச்சு? ஒரு தூணு கெட்டிருக்கு. மாத்துவோம்.” சொல்லிவிட்டு அவள் முட்டுக் கொடுப்பவர்களிடம் போனாள்.

முட்டு தாங்கியது. எல்லாத் தூண்களையும் கொத்திப் பார்த்து, கெட்டதையெல்லாம் மாற்றி முடிப்பதற்குள் மழைக்காலமே கடந்துவிட்டது. அதுவரை குடும்பங்கள் பக்கத்திலிருந்த காலிக் கிடங்கில் ஒண்டிக்கொண்டன. அவள் தினமும் அங்கே போய்த் திட்டு வாங்கினாள். காத்திருக்க முடியாமல் இரண்டு குடும்பங்கள் நகரத்தின் வேறு மூலைக்குப் போய்விட்டன. அவர்களை நினைத்தால் இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது.

மற்றவர்கள் திரும்பினார்கள். தையல்காரம்மா வந்த அன்றே மெஷினைத் துடைத்து நூல் கோத்தார். எட்டிப் பார்த்த ஜன்னல் அக்காவுக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை.

“சமையல்கட்டுல தண்ணி வடியவே மாட்டேங்குது. முதல்ல அதைப் பாருங்க” என்றார்.