நாலு கிலோ பெருமை

ஒன்பதாம் மாதத்தில் எங்கள் ஊர் தெப்ராவ் கிளினிக் நர்ஸ், "குழந்தை பெருசா இருக்கு, சோத்தக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே வளைகாப்பு. ஏழு வகைச் சோற்றையும் ஆளுக்கொரு வாயாக எல்லாரும் ஊட்ட, என் மனைவி எரிச்சலோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"பெருசா இருந்தா நல்லதுதானம்மா" என்றார் என் அம்மா. "இவன் பொறக்கறப்ப நாலு கிலோ. நர்ஸுங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க."

வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்தினேன். என் வாழ்நாள் சாதனை அது ஒன்றுதான். அதன்பின் வளர்ந்தது வயிறு மட்டும்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "அது எப்படி வெளிய வரும்னு யாராச்சும் பேசுறீங்களா? எனக்குப் பயமா இருக்குலா" என்றவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, உண்மையச் சொல்லுங்க. எப்படிப் பெத்தீங்க?"

ஊட்ட எடுத்த புளிச்சோற்றை அம்மா மெதுவாகத் தட்டிலேயே வைத்தார்.

"அத ஏன் கேக்குற. இன்னொண்ணு வேணவே வேணாம்னு அன்னைக்கே உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன்."

நான் ஏன் ஒற்றைப் பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நாளைக்கு டாக்டர பாக்கப் போறோம்" என்றாள் மனைவி. "நீங்க காடி மட்டும் ஓட்டுங்க. அத்த உள்ள வந்து பேசட்டும்."