கார்டு ரீடருக்கு எடுத்துப்போன அளவு

கடைக்காரர் இரண்டு ரீடர்களையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்.

"எது வோணும், சொல்லும்மா."

எனக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அந்நியருக்கு நடுவில் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. மருமகள் சொல்லிக் கொடுத்ததை ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அந்த நிமிடம் எல்லாம் மறந்துபோயிற்று. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் தகட்டை அவிழ்த்து நீட்டினேன்.

எங்கள் வீட்டு லேப்டாப்பின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வாய் இருக்கிறது. தூசி போகாமல் இருக்க அதில் செருகிக் கொடுத்திருந்த வெற்றுத் தகடு அது. மழையில் கூரை ஒழுகி, பென் டிரைவ் போடும் ஓட்டைகளெல்லாம் செத்துப்போனதால் அந்த வாய் ஒன்றுதான் மிச்சம். அதில் செருகுகிற மாதிரி ஒரு கார்டு ரீடர் வாங்கினால் கேமராவில் எடுத்த படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிடலாம். கேமரா மருமகளின் அப்பா வைத்திருந்தது. அதன் கார்டு இப்போது வரும் நகக்கண் அளவு கார்டு இல்லை, தீப்பெட்டி அகலம். பல கடைகளுக்குப் போன் போட்டு, அம்பத்தூர் ஓ.டி.யில் இந்த ஒரு கடையில் பழைய சரக்கு கிடக்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள்.

அவளே வந்திருப்பாள். முந்தின நாள் படம் எடுக்கப் போன மண்டபத்துப் படியில் கால் பிசகி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. என் மகனுக்குப் பகல் ஷிப்ட்.

"ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொண்டுபோறதில்லையா? அந்த மாதிரி இந்தத் தகட்டைக் கொண்டுபோறேன்" என்று நான்தான் சொன்னேன். மருமகளுக்கும் அது சரி என்று பட்டது.

கடைக்காரர் தகட்டை வாங்கி அகலமானதன்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. ஒடுக்கமானதன்மேல் வைத்தார். பாதிக்குமேல் வெளியே நின்றது.

"அளவு பெருசுக்குத்தான் கரீக்டா கீது. ஆனா நிறைய மிஷினுக்குச் சின்னதுதாம்மா போவும். லேப்டாப்பை எடுத்தாந்தா பாத்துக் குடுப்பேன்."

"பாட்டிம்மா கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிக்கப் போறாங்கோ, நீ குடு நைனா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. அகலமானதைக் காட்டினேன். அளவு சரியாக இருப்பதை விட்டுவிட்டு யாராவது லொடலொட என்று இருப்பதை வாங்குவார்களா?

அந்தக் கார்டில் இருந்தது மருமகளுக்குப் போட்டோ எடுக்கக் கிடைத்த முதல் வேலை. ராணுவத்தில் இருக்கும் ஒருவரின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அவருடைய அண்ணன் மகள் விசேஷத்தில் எடுத்த படத்தை, கேட்காமல் கொள்ளாமல், ஸ்டூடியோக்காரன் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டானாம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகும் தெரு அது. அதனால்தான் படம் எடுக்கும் பெண் ஒருத்தியைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "கார்டு எந்தக் கடைக்கும் போகக் கூடாதும்மா" என்று அவர் கேட்டார். மருமகளும் வாக்குக் கொடுத்தாள். நான் கடைக்குப் போன அன்று சாயந்திரமே அவருக்கு ரயில். திரும்ப எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. படங்களைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போக நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆவடியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மருமகள் காலை நீட்டிக்கொண்டே ரீடரை வாங்கிச் செருகினாள். முக்கால்வாசி போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். அதே இடத்தில் நின்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுத்தாதே. அந்த வாயும் போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"அளவு பாத்துதானே அத்தை வாங்கினீங்க?"

"தகடு மாதிரியே இருக்கேன்னுதான் வாங்கினேன். அவரு சின்னதுதான் போவும்னாரு. நான்தான் கேக்கலை."

அவள் ரீடரை உருவிக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏதாச்சும் ஸ்டூடியோவுலேயே குடுத்து ஏத்திரலாமா? யாருக்குத் தெரியப் போவுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, வேண்டாம் என்று அவளே தலையை ஆட்டிக்கொண்டாள்.

நான் லேப்டாப்பையும் ரீடரையும் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்தேன். கார்டு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. ஊரெல்லாம் தேடினாலும் ஒருவனும் அதற்குள் பார்க்கமாட்டான் என்று முந்தின இரவு நான்தான் போட்டு வைத்தேன். அந்தக் கூட்டை அவள் மடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், குனிந்து உள்ளே பார்த்து, "அண்ணே! லேப்டாப் எடுத்தாந்திருக்கேன்!" என்று கூப்பிட்டேன். என்னைவிட வயதில் சின்னவரை அண்ணே என்று கூப்பிட்டது பிறகுதான் உறைத்தது.

அவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டார்ச் அடித்து அந்த வாய்க்குள் பார்த்தார்.

"இன்னாம்மா நீ! வாய்தான் அகலம். உள்ள பல்லு ஒரு ஓரத்துலதான் கீது பாரு. நீ எடுத்தாந்த தகடு வாயை மூடறதுக்கு. அத்த வெச்சு அளவெடுத்தா?"

பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் வரிசையாகப் பல் மினுங்கியது. மறுபக்கம் வெறும் பள்ளம்.

ஒடுக்கமானதை அந்த ஓரமாக வைத்துத் தள்ளினார். 'க்ளிக்' என்றது. பக்கத்தில் இரண்டு விரல் போகிற அளவுக்குச் சந்து. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"கார்டைக் குடு, போட்டுக் காட்டறேன்."

"கார்டு வீட்டுல இருக்கு."

"அத்த எடுத்தாரலயா? ரேஷன் கார்டு கணக்கா பூட்டி வெச்சிகினு கீறியா?"

"ஒரு பொண்ணோட படம் அதுல இருக்கு. கடைக்கு எடுத்தார மாட்டோம்."

சொன்ன பிறகு பயமாக இருந்தது, கோபித்துக்கொண்டு ஷட்டரை இறக்கிவிடுவாரோ என்று. அவர் ஒரு இழுப்பறையைக் கிளறி, அதே தீப்பெட்டி அகலத்தில் பழைய கார்டு ஒன்றை எடுத்துப் போட்டார். யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகை திரையில் வந்தது. "எம் மாமியார் ஊடு" என்றார். அகலமானதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒடுக்கமானதைக் கொடுத்தார்.

வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற ஒவ்வொரு ரயிலையும் அந்த ராணுவக்காரருடைய ரயிலோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். தோளில் பெரிய பை. ஆட்டோவைவிட்டு நான் இறங்குவதையும், கூடையில் துண்டு விலகி லேப்டாப் தெரிவதையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கடைக்கா போயிட்டு வர்றீங்க?"

உள்ளேயிருந்து மருமகள், "சார், அது வந்து..." என்று எழுந்திருக்கப் பார்த்தாள். கால் இடம் கொடுக்கவில்லை.

"அவ்வளவு சொன்னேனேம்மா" என்றார் அவர். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கூடையைக் கீழே வைத்தேன். "லேப்டாப்தான் கடைக்குப் போச்சு தம்பி. கார்டு வாசப்படி தாண்டலை" என்றேன். உள்ளே போய் லேப்டாப்பைத் தரையில் திறந்து வைத்து, மருமகள் மடியிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே போடுங்க."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அந்த வாயின் ஓரத்தில் செருகியிருந்த ரீடரில் மெதுவாகச் செருகினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. மருமகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பெண், மஞ்சள் பட்டில், தலை நிறையப் பூவோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையில் வந்து நின்றாள்.

புளூடூத்தில் போனுக்கு ஏறி முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை. முடிந்ததும் லேப்டாப்பில் இருந்ததை அழிக்கச் சொன்னார். மருமகள் அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள். கார்டை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் போனவர், கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைக் கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடி என்னிடம் நீட்டினார்.

"ஆல்பம் போடணும்ல. இங்கயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலேயே ஸ்டேஷனுக்கு ஓடினார்.